பலகை எழுதுபவர் காத்திருக்கிறார், ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, சித்திர ஆசிரியை:
வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் கண்காட்சி. மண்டபத்தின் நடுவில் சுவரில்லாமல் ஒரு பனைமர வாசல்நிலை மட்டும் நிற்கிறது. வருகிறவர்கள் தங்கள் பழைய வீட்டு வாசலை நினைவூட்டும் ஏதாவது ஒன்றை அதில் கட்டிவிட்டுப் போகவேண்டும். இழந்த வீட்டின் தளப்படத்தை இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டே நினைவிலிருந்து வரைவித்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் கொண்டுவந்த நூலை வகுப்பில் காட்டியிருந்தேன். அதிலிருந்து பிள்ளைகளுக்கு வந்த யோசனை இது.

நேற்று ஒத்திகைக்கு வந்த ஓர் அம்மம்மா, 2008இல் வெளிக்கிட்டபோது சேலைத் தலைப்பில் முடிந்த வீட்டுத் திறப்பைக் (சாவியைக்) கட்டினார். வீடு இல்லை, கதவும் இல்லை. கட்டியதை அவிழ்த்து, முடிச்சுச் சரியில்லை என்று திரும்பவும் கட்டினார்.

பலகைக்கு 'பங்கேற்பு நிறுவல்' (பார்ப்பவரும் சேர்ந்து ஆக்குகிற இன்ஸ்ரலேசன் கலை) என்று எழுதிக் கொடுத்தேன். எழுதுபவர் கேட்டார்: "எந்த நிறுவனம், ரீச்சர்? வீட்டுத்திட்டமோ?" வன்னியில் நிறுவனம் என்றால் என்.ஜி.ஓ. பங்கேற்பு என்றால் வட்டமாக இருத்திக் கிராமப் படம் கீறுவிப்பது. இரண்டு சொல்லும் தேய்ந்துபோய்விட்டன. 'தாபனக்கலை' என்றாலும் அதே கதைதான். நாளை மாலைக்குள் வேறு சொல் தாருங்கள்.

கோவை:
அம்மா, அவசரப்படாதீர்கள். நில், நிறு, நிறுவு: நிற்கச் செய்வது. அதே 'நிறு' எடை பார்ப்பதற்கும் வரும். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் என்ற கலைஞர் 1991இல் மிட்டாய்களைக் குவித்து, பார்ப்பவர் எடுத்துத் தின்னலாம் என்று விட்டார். குவியலின் எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. எய்ட்சில் இறந்த தன் துணைவரின் உடல் எடை என்றே அதைப் பொருள்கொள்கிறார்கள். நிறுத்து நிறுவிய கலை! என்.ஜி.ஓக்களுக்குப் பயந்து இந்த வேரை விடலாமா? இல்லை, புதிதாகத்தான் வேண்டுமென்றால் தொல்காப்பியம் இருக்கிறது, போரில் இறந்த வீரனுக்குக் கல் நடும் படிகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல்... 'கால்கோள்' என்றே வையுங்கள்.

முல்லைத்தீவு:
ஐயா, நடுகல்லை எங்கள் மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டாம். ஏன் என்றும் கேட்க வேண்டாம்.

என் சொல் 'மடை'. கோயிலில் மடை பரவும்போது, அதாவது படையல் வைக்கும்போது, ஒருவர் வாழைப்பழம், ஒருவர் இளநீர், ஒருவர் வெறும் வெற்றிலை கொண்டுவருவார். தனியே பார்த்தால் ஒன்றுமில்லை, எல்லோரும் வைத்தால்தான் மடை. 1992இல் நியூயோர்க் காட்சிக்கூடமொன்றில் ரிர்க்ரிட் திரவனிஜா என்ற கலைஞர் தாய்லாந்துக் கறி சமைத்து வந்தவர்களுக்குக் கொடுத்தார், அது கலையாயிற்று. வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு வருகிற சனத்தை அவர் பார்த்திருக்க வேண்டும்.

வவுனியா:
நான் வயல்காரன். எனக்கு மடை என்றால் தண்ணீர் பாய்கிற இடம். 'மடை திறப்பு விழா' என்று போட்டுப் பாருங்கள், இரணைமடுக் குளத்துக் கமக்காரர் மண்வெட்டியோடு வருவார்கள். வேதப் (கிறிஸ்தவப்) பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிற பள்ளியில் கோயில் சொல் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

டொராண்டோ:
பேசாமல் 'இன்ஸ்ரலேசன்' என்றே எழுதுங்கள். எல்லோருக்கும் விளங்கும்.

கோவை:
'இன்ஸ்டலேஷன்'.

டொராண்டோ:
ரீச்சர், ரொறன்ரோ, ரயர் என்று எழுதிப் பழகியவர்களிடம் இதைத் தொடங்காதீர்கள் ஐயா.

(இதன்மேல் பதினொரு மடல்கள். எல்லாம் 'ட', 'ர' பற்றியவை. படிக்காவிட்டால் நட்டமில்லை.)

கிளிநொச்சி, சித்திர ஆசிரியை:
பிறகு வந்த மடல்களில் 'பங்குகொள் நிறுவல்' என்று ஐந்து பேர் சொன்னீர்கள். அதில் இரண்டு பேர் களைத்துப்போய்ச் சொன்னது மாதிரி இருந்தது. பரவாயில்லை, அதையே கொடுத்துவிட்டேன். 'கொள்' என்ற வினை உள்ளே இருப்பதால் வருகிறவருக்கு ஏதோ வேலை இருக்கிறது என்றாவது தெரியும். கீழே சின்ன எழுத்தில் 'நிறுவனம் அல்ல' என்று பலகைக்காரர் தானாகவே சேர்த்திருக்கிறார். அழிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் எப்படியும் 'நிலையடி' என்றுதான் சொல்கிறார்கள்.

கோவை:
இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது. 'பங்குக்கொள்' என்று எழுதிவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவு:
வெள்ளிக்கிழமை வருகிறேன். கட்டுவதற்கு ஒன்று வைத்திருக்கிறேன். சொல் மடைதான்.