அப்பாவுக்கு பைபேப் மெஷின் வாங்கலாமா? அவசரம்

வைகைக்கரை: அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்டுக்கு பைபேப் (மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுவிட உதவும் மெஷின்) வாங்கிக்கச் சொல்கிறார்கள். எந்த மாடல் நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள்.

வார்டு அக்கா: ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயு அளவு பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் பிஎச் (ரத்தத்தின் அமிலத்தன்மை, குறைந்தால் அமிலம் கூடுது), கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தம்பி? இப்போதும் மாஸ்க் போட்டிருக்கிறாரா?

மலைக்கோட்டை: குறட்டை விடுவாரா? எங்கள் மாமாவுக்குக் கடைசியில் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) என்றார்கள். ஒரே அழுத்தத்தில் காற்று தரும் சீபேப்பே போதும், விலையும் குறைவு.

பழைய புலி: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆஸ்பத்திரியில் போடுவது வேறு, வீட்டில் போடுவது வேறு. இழுப்பு முற்றி கார்பன் டை ஆக்சைடு 45-க்கு மேல் ஏறி, பிஎச் 7.35-க்குக் கீழே போனால் வார்டில் மாஸ்க் போட்டாக வேண்டும். தொண்டையில் குழாய் இறக்குவது பெரும்பாலும் அதனால்தான் தப்பும். வீட்டுக்கு வேண்டுமா என்று டிஸ்சார்ஜ் அன்றே முடிவு செய்வது வீண். பலருக்கு அளவு தானாக இறங்கிவிடும். 2 முதல் 4 வாரம் கழித்து மறுபடி ஏபிஜி எடுக்க வேண்டும். 2017-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், அப்போதும் கார்பன் டை ஆக்சைடு 53-க்கு மேல் நின்றவர்களைத்தான் சேர்த்தார்கள். ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் பாதிப் பேர் 1.4 மாதத்துக்குள் மறுபடி அட்மிட் ஆனார்கள் அல்லது இறந்தார்கள். மெஷினும் சேர்ந்தவர்களுக்கு அது 4.3 மாதம்.

வார்டு அக்கா: மாஸ்க்கை எடுத்ததும் திணறுகிறவரையும் நாலு வாரம் காக்க வைப்பீர்களா? அந்த ஆய்வில் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 35-க்கு மேல் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. எல்லாருக்கும் ஒரே கணக்கு போடாதீர்கள்.

பழைய புலி: விதிவிலக்கை வைத்து விதி எழுத முடியாது, சிஸ்டர்.

மலைக்கோட்டை: ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை 5 லிட்டரில் வைத்தால் போதாதா?

வார்டு அக்கா: ஐயோ, அதைச் செய்யாதீர்கள்! இவர்களுக்கு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 88–92 போதும். 98 காட்டுகிறதே என்று சந்தோஷப்பட்டால் கார்பன் டை ஆக்சைடு ஏறி, எழுப்பினாலும் எழாமல் கிடப்பார்.

மலைக்கோட்டை: மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

பழைய புலி: மாமாவுக்கு சிஓபிடியா, ஆப்னியாவா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை: பிஎச் 7.38, கார்பன் 58. நேற்றிலிருந்து மாஸ்க் இல்லை. மூக்குத்தண்டில் புண், போட்டாலும் பிய்த்து எறிகிறார். டாக்டரிடம் கேட்டேன். இப்போதைக்கு வாங்க வேண்டாம், மூணு வாரத்தில் ஏபிஜி பார்க்கலாம் என்றார். நன்றி.

வார்டு அக்கா: காலையில் தலைவலி, பகலில் தூக்கம் வந்தால் அதுவரை காத்திராதீர்கள். ஆமாம், பீடியை விட்டாரா?