ஆவண மேலாண்மை மென்பொருளில் மனவரைபடம்: கோப்பாக வைப்பதா, தரவுத்தளத்தில் வைப்பதா?

கேள்வி

எங்கள் ஆவண மேலாண்மை மென்பொருளில் கோப்புறை மரம், பதிப்பு வரலாறு, ஆளுக்கு ஆள் மாறும் அனுமதி எல்லாம் உண்டு. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். இப்போது மனவரைபடம் (கருத்துகளைக் கிளைகளாக விரித்துக் காட்டும் படம்) சேர்க்கிறோம். அதன் ஒவ்வொரு கணுவோடும், அதாவது கிளைப் புள்ளியோடும், ஆவணத்தை இணைக்க வேண்டும், சொடுக்கினால் அது திறக்க வேண்டும். வரைபடத்தை ஃப்ரீமைண்ட் என்ற மனவரைபட மென்பொருளின் எம்எம் கோப்பாக, மற்ற ஆவணம் போலவே சேமித்துவிட்டால் பதிப்பு வரலாறு தானாகக் கிடைக்குமே? பெரிய வரைபடத்தில் 2,000 கணு வரை வரும்.

பதில் 1

கோப்பாக வைக்காதீர்கள். எம்எம் கோப்பு என்பது எக்ஸ்எம்எல் உரைதான். "இந்த ஆவணம் எந்தெந்த வரைபடத்தில் இருக்கிறது?" என்று கேட்டால் எல்லா எக்ஸ்எம்எல்லையும் திறந்து தேட வேண்டிவரும். மனவரைபடத்தைச் சேர்ப்பதே அந்தக் கேள்விக்காகத்தான்.

கணுக்களுக்குத் தனி டேபிள் போடுங்கள்: கணு எண், வரைபட எண், தாய்க்கணு எண், வரிசை, பயனர் எழுதிய பெயர், ஆவண எண், பதிப்பு எண். பதிப்பு காலியாக இருந்தால் கடைசிப் பதிப்பு என்று கொள்ளலாம். கோப்புறைப் பாதையை வைத்து இணைக்கவே வேண்டாம். கோப்புறையின் பெயரை மாற்றினால் அத்தனை இணைப்பும் அறுந்துவிடும்.

தாய்க்கணு எண்ணுக்கு 'ஆன் டிலீட் கேஸ்கேட்' (தாய் அழிந்தால் சார்ந்ததும் அழியும்) சரி. ஆவண எண்ணுக்கும் அதையே போட்டால் ஆவணத்தோடு கணு போகும், கணுவோடு அதன் கீழுள்ள கிளை முழுவதும் போகும். அங்கே 'செட் நல்' போடுங்கள், இணைப்பு மட்டும் காலியாகும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது கணுவை இழுத்து இடம் மாற்றும்போது. ஒரு கணுவை அதன் சொந்தப் பேரக்கணுவின் கீழ் விட்டால் கிளை வேரிலிருந்து அறுந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, படத்திலிருந்து காணாமல் போகும், அவ்வளவுதான். இதைச் சர்வரில் சோதித்தாலும் போதாது. ஒருவர் 'அ'வை 'ஆ'வின் கீழும், அதே நொடியில் இன்னொருவர் 'ஆ'வை 'அ'வின் கீழும் நகர்த்தினால் இரண்டு சோதனையும் தேறிவிடும். ஆகவே முதலில் வரைபடத்தின் வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்' கொண்டு பூட்டி, பிறகு சோதித்து, பிறகு நகர்த்துங்கள்.

வரலாற்றுக்கு, ஒவ்வொரு திருத்த அமர்வின் முடிவிலும் முழு மரத்தையும் ஜேசன் என்ற உரை வடிவில் ஒரு வரியில் எழுதி வையுங்கள். 2,000 கணு என்றாலும் சில நூறு கேபிதான்.

பதில் 2

அனுமதியையும் பாருங்கள். ஆவணத் தலைப்பைக் கணுவில் நகலெடுத்து வைத்தால், அந்த ஆவணத்தைப் பார்க்கக் கூடாதவரும் தலைப்பைப் படித்துவிடுவார். "பணிநீக்கக் கடிதம்" என்ற தலைப்பு ஒன்றே போதும், ரகசியம் போய்விட்டது. தலைப்பைக் காட்டும் நேரத்தில் மட்டும் எடுங்கள். அனுமதி இல்லையென்றால் பூட்டுப் படத்தோடு வெறும் கணுவாகக் காட்டுங்கள். கணுவையே மறைத்தால் அதன் பிள்ளைகள் தொங்கலில் நிற்கும். பிடிஎஃப் ஏற்றுமதி, தேடல் முடிவு இரண்டும் இதே சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சோதனையைக் கணுவுக்கு ஒன்றாக ஓட்டாமல், எல்லா ஆவண எண்ணையும் சேர்த்து ஒரே வினவலில் கேளுங்கள். திறந்ததும் முதல் இரண்டு மட்டம் போதும். மற்றவை விரிக்கும்போது வரட்டும். 2,000 கணுவையும் எஸ்விஜியில் (உலாவியின் கோட்டுப்பட வடிவம்) ஒரேயடியாக வரைந்தால் இழுக்கும்போது திணறும்.

கேட்டவர்

நன்றி, டேபிளுக்கே போகிறோம். பழைய எம்எம் கோப்புகளை உள்ளே கொண்டுவந்து பார்த்தோம், சில கணுக்கள் வெறுமையாக வருகின்றன. நீளமான தமிழ்ப் பெயர்களை வெட்டிக் காட்டினால் கடைசி எழுத்தும் கெடுகிறது.

பதில் 1

எம்எம் கோப்பில் சாதாரணப் பெயர் 'டெக்ஸ்ட்' பண்பில் இருக்கும். தடித்த எழுத்து, பல வரி என்று அலங்கரித்த கணுவில் அந்தப் பண்பு இருக்காது; பெயர் 'ரிச்கன்டென்ட்' என்ற உள்குறிக்குள் எச்டிஎம்எல்லாக இருக்கும். அதன் வகை NODE என்றால் அதுதான் பெயர். NOTE என்றால் அது குறிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சரில், வேறு கோப்புகளை உள்ளே இழுக்கக்கூடிய வெளி எண்டிட்டிகளை அணைத்துவிடுங்கள், வெளியிலிருந்து வரும் கோப்பு அது.

வெட்டுவது யூனிகோட் கணக்கில் நடக்கிறது. "கொள்முதல்" நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறியீடு. எட்டில் வெட்டினால் புள்ளி போய் "கொள்முதல" என்று நிற்கும். உலாவியில் 'இன்டில் செக்மென்டர்' கொண்டு எழுத்தாகப் பிரித்து வெட்டுங்கள்.