ஜீரோ கேட் வரிசையில் வருகிற நினைப்புகள்: உங்களுக்கும் உண்டா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே, டிரெய்லர் டிரைவர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சாட்சி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சாட்சி என்றால் கடைசியில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. என் கதை அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. அதனால் அனுபவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகிறவன். வடசென்னைக்காரர்களுக்கு அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுக வாசலான ஜீரோ கேட்டில் தலை என்றால் எர்ணாவூர் பக்கம் வால். சில நாள் நாலு மணி நேரத்தில் உள்ளே போய்விடுவோம். சில நாள் விடிந்தும் காசிமேட்டைத் தாண்டியிருக்க மாட்டோம். கண் அசரவும் முடியாது. முன்வண்டி இருபதடி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும், இல்லையென்றால் நடுவில் எவனாவது மூக்கை நுழைப்பான். அப்புறம் பின்னாலிருந்து ஹாரனும் நம் அம்மாவைப் பற்றிய விசாரிப்பும்.

அந்த நேரத்தில்தான் அது வரும். இரண்டு மணி, இரண்டரை மணிக்கு. "நீ எதுக்கும் லாயக்கில்லாதவன்." செத்துப்போன என் அப்பாவின் குரலிலேயே வரும். அவர் உயிரோடு இருந்தபோது அப்படிச் சொன்னதே இல்லை என்பது வேறு விஷயம்.

காரணம் இல்லாமல் இல்லை. மனைவியின் ஆறு பவுனை அடகு வைத்து, கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக வண்டி எடுத்தேன். ஒன்றரை வருஷத்தில் டியூ கட்ட முடியாமல் வண்டி போய்விட்டது. இப்போது அடுத்தவர் வண்டியில் சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் ஓட்டுகிறேன். வீட்டில் ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒரு பாரம் குறையும் என்கிற வரைக்கும் நினைப்பு போனது. இதை எழுதவே எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

ஊழியம் செய்கிற ஒருவரிடம் போய்ச் சொன்னேன். பேர் வேண்டாம். அவிசுவாசம்தான் காரணம், மூன்று நாள் உபவாசம் இரு என்றார். இருந்தேன். ராத்திரி டூட்டியோடு. மூன்றாம் நாள் மாத்தூர் பக்கம் ஒரு திருப்பத்தில் கண் இருட்டி, வண்டியின் பின்பக்கத்தைச் சுவரில் தேய்த்துவிட்டேன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓனரிடம் வாங்கிய திட்டு தனி. அன்றைக்கு அப்பாவின் குரல் இன்னும் சத்தமாகக் கேட்டது: பாரு, ஜெபம்கூட உனக்கு ஒழுங்கா வரலை.

எங்கள் சபையில் ஒரு ஆயா உண்டு. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டையில் தெருத்தெருவாகக் கூடையில் விற்பவர். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்த்து, "இன்னாப்பா, துன்னியா இல்லியா?" என்றார். உபவாசம் என்றேன். உபவாசம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. பசி எடுக்கவில்லை, அவ்வளவுதான். கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பழைய சோறு, சுட்ட நெத்திலிக் கருவாடு, ஒரு சின்ன வெங்காயம். எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"எலியா சாவணும்னு சொல்லிட்டு சூரைச்செடிக்குக் கீழே பட்த்துட்டான்ல. தேவதூதன் வந்து இன்னா, பிரசங்கமா பண்ணான்? அடை சுட்டு, தண்ணி வெச்சி, எய்ந்து துன்னுன்னான். துன்னுட்டு திரும்பப் பட்த்துக்கினான். திரும்பவும் எய்ப்பி துன்னுன்னான். நீ துன்னு முதல்ல."

எலியா தீர்க்கதரிசியின் இந்தக் கதை வருகிற, பைபிளின் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பிரசங்கங்களில் எல்லோரும் நேராக ஓரேப் மலைக்குப் போய்விடுவார்கள்: காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, கடைசியில் மெல்லிய சத்தம். அதற்கு முன்னால் இரண்டு வேளை சாப்பாடும் இரண்டு தூக்கமும் இருப்பதை எனக்குக் காட்டியது எழுதப் படிக்கத் தெரியாத ஆயா. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய ஜெயம் பெற்ற அடுத்த அதிகாரத்திலேயே அந்த மனுஷன் "போதும் கர்த்தாவே" என்கிறார். ஆண்டவர் அதற்காக அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்றைக்கு ராத்திரி வரிசையில் மொபைலில் அந்த அதிகாரத்தை முழுக்கப் படித்தேன். நான் ஒருவன்தான் மீதி என்று எலியா இரண்டு தடவை சொல்கிறார். அதற்கு ஆண்டவர் கொடுத்த பதிலில் ஒரு கணக்கு வருகிறது: பாகாலை வணங்காதவர்கள் இன்னும் ஏழாயிரம் பேர். தலையைத் தூக்கிப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் வரிசையாகச் சிவப்பு லைட். எத்தனை கேபினில் எத்தனை பேருக்கு இதே இரண்டு மணி நினைப்போ!

அப்புறம் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. டிரிப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நடுவே ஒரு கோடு. அந்தக் குரல் என்ன சொல்கிறதோ அதை அப்படியே இடது பக்கம் எழுதுவேன். வலது பக்கம் அதற்கு வேதத்திலிருந்து ஒரு பதில், இல்லை ஒரு உண்மை. "லாயக்கில்லாதவன்" என்பதற்கு எதிரில் ஒரு நாள் "இந்த மாசம் 22 டிரிப், ஒரு கண்டெய்னர் சீல்கூட உடையவில்லை" என்று எழுதியிருக்கிறேன். எழுதிப் பார்த்தால் அந்தக் குரல் சொல்வது மொத்தமே நாலைந்து வாக்கியம்தான். அதையே திருப்பித் திருப்பிப் போடுகிறது, மினி பஸ்ஸில் ஒரே கேசட் ஓடுகிற மாதிரி.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

பெரம்பூர், ஒரு சகோதரி:

அண்ணே, நாங்கள் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். எனக்கு இது பிள்ளை பிறந்த ஆறாவது வாரத்தில் வந்தது. குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் நானே கீழே போட்டுவிடுவேன் என்று ஒரு படம் மனதில் ஓடும். யாரிடமாவது சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. மாமியார் லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஏற்றிய கை நடுங்கியது, இப்படிப்பட்டவள் மாதா முன்னால் நிற்கலாமா என்று.

கடைசியில் ஃபாதரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில்தான் சொன்னேன், பாவம் என்று நினைத்துக்கொண்டு. ஃபாதர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது பாவம் இல்லம்மா, பிரசவத்துக்கு அப்புறம் வருகிற நோய். நாளைக்கே டாக்டரைப் பார்" என்றார். பாவப் பரிகாரமாகக் கொடுத்த அபராதமே அதுதான்! டாக்டரும், இந்த மாதிரிப் படம் நிறையத் தாய்மாருக்கு வரும், அதை நினைத்து நீ நடுங்குவதே நீ அதை விரும்பவில்லை என்பதற்கு அடையாளம் என்றார். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். ஜெபமாலையை விடவில்லை. எண்ணம் வரும்போது மணியை உருட்டுவேன், 53 அருள் நிறைந்த மரியே. மனம் எங்கே ஓடினாலும் விரல் ஒரு இடத்தில் இருக்கும். பாதி நாள் எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியாது, பரவாயில்லை.

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பைபிள் வாசிக்கச் சொல்லுங்கள். அண்ணே, "பாரம் குறையும்" என்ற அந்த நினைப்பு திரும்ப வந்தால் நோட்டில் மட்டும் எழுதாதீர்கள். 14416 என்று ஒரு எண், டெலி மானஸ். அரசாங்கத்துடையது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. வரிசையில் நிற்கும்போதே பேசலாம்.

வியாசர்பாடி, குரூப் 4-க்குப் படிப்பவன்:

எனக்கு இந்தப் பேச்சில் பாதி ஒப்பவில்லை, மன்னிக்கவும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கட் ஆஃபில் போய்விட்டது. அதன்பிறகு சபை வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் 2 தீமோத்தேயு 1:7 வரும், தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை என்று. பூப்படம் போட்டு. அதைப் படித்துப் படித்து, பயப்படுவதே குற்றம் என்றாகிவிட்டது எனக்கு. பரீட்சை பயம் ஒன்று, பயப்படுகிறோமே என்கிற பயம் இன்னொன்று.

எனக்கு ஒட்டிய ஒரே இடம் கெத்செமனே, இயேசு பிடிபட்ட ராத்திரி ஜெபித்த தோட்டம். இயேசுவே தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்கிறார், கூட விழித்திருங்கள் என்று கேட்கிறார். கூடப் போன மூன்று சீஷர்களும் தூங்கிவிட்டார்கள். அதைப் படித்தபோது முதல் தடவையாக, அவருக்கு என் நிலைமை தெரியும் என்று தோன்றியது. தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கூட ஒரு ஆள் இருக்கிறார் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ராயபுரம், விசைப்படகுத் தொழிலாளி:

தம்பி சொன்னது சரி. எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். கடலில் இருக்கும்போது வராத நினைப்பெல்லாம் கரையில் வரும், கூடவே குவார்ட்டரும் வரும். நாங்கள் ஆறு பேர் சாயங்காலம் வலை பின்னுகிற இடத்திலேயே ஒரு சங்கீதம் வாசிப்போம். 42 அடிக்கடி வரும், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" ஒருத்தன் வரவில்லையென்றால் இரண்டு பேர் அவன் வீட்டுக்குப் போய்விடுவோம். அவனுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே, டிரெய்லர் டிரைவர்:

சிஸ்டர், எண்ணைச் சேமித்துவிட்டேன், "மானஸ் அக்கா" என்று. தம்பி, அந்த வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போடு, பாவம் ஒன்றும் இல்லை.

நோட்டில் என்ன எழுதுவேன் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நேற்று ராத்திரிப் பக்கத்தையே சொல்கிறேன். இடது பக்கம்: "பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து கட்டுவாய்?" வலது பக்கம் "கர்த்தர்" என்று எழுதத் தொடங்கி, கடைசி எழுத்து கோணலாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அங்கேயே தூங்கிவிட்டேன். வரிசை நகர்ந்து, பின்வண்டி நாமக்கல் அண்ணன் இறங்கி வந்து கதவைத் தட்டித்தான் எழுப்பினார். திட்டவில்லை. கையில் டீ வைத்திருந்தார்.