புதுப்பிப்பு: 1967 டிரையம்ஃப் பான்வில் டி120 பைக்கின் வால்வுச் சத்தம் தீர்ந்தது

டேப்பெட் இடைவெளியை (வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கையின் திருகுக்கும் இடையே விடும் சிறு வெளி) சரியாக வைத்தும் வலது எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் 'டக் டக்' சத்தம் நிற்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து என் மனமார்ந்த நன்றி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் சொன்னதுதான் சரியாக இருந்தது. "ஃபீலர் கேஜை நம்பாதீர்கள், வால்வுத் தண்டின் முனையைப் பாருங்கள்" என்றார் (ஃபீலர் கேஜ் என்பது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு). விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது, ராக்கர் திருகு தட்டித் தட்டி அந்த முனையில் சிறு குழி விழுந்திருந்தது. கேஜின் தகடு குழியின் விளிம்புகளில் தங்கிவிடுவதால் 0.004 அங்குலம் என்று காட்டியதே தவிர, உண்மையான இடைவெளி அதைவிட நிச்சயம் அதிகம். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அந்த வால்வையும் திருகையும் புதிதாக மாற்றினேன். இஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்லெட் (காற்றும் பெட்ரோலும் நுழையும்) வால்வுக்கு 0.002 அங்குலம், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.004 அங்குலம் என்று வைத்தேன். ஒரு பக்க வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது மறுபக்கத்தின் அதே வால்வைச் சரிசெய்வதே இந்த இரட்டைச் சிலிண்டருக்கு எளிய முறை.

நான் எதிர்பாராதது ஒன்று: அதன் பிறகும் குளிர்ந்த நிலையில் மெல்லிய சத்தம் கேட்டது, சூடானதும் மறைந்தது. சோப்பு நீர் தடவிவிட்டு இஞ்சினை இயக்கியதும், ஹெட்டில் திருகப்பட்ட எக்ஸாஸ்ட் குழாய்முனையின் அடியில் குமிழிகள் எழுந்தன. அது தளர்ந்து புகை கசிந்திருக்கிறது. கசிவின் சத்தமும் டேப்பெட் சத்தமும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதை இறுக்கியதும் முழு அமைதி.

ஹெட்டைக் கழற்றி மாட்டியவர்கள், சிறிது ஓட்டிய பின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, இடைவெளியையும் மறுபடி பார்த்துவிடுங்கள். ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) அழுந்தி அமர்ந்ததும் இடைவெளி குறையும்.