வெல்லத்தைச் சீண்டாத எறும்பு கருவாட்டுக்கு ஓடி வருவது ஏன்?

நாகலூர்க்காரன்: ஏற்காட்டில் ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், நடுவில் வீடு. ஒரு மாதமாக மஞ்சளும் பழுப்புமாக, கால் மட்டும் நீளமான ஒரு எறும்பு வருகிறது. யாரோ துரத்துகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கடிப்பதில்லை, ஆனால் நாய் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. மருந்து கலந்து வைப்பதற்கு முன்னால் வெறும் வெல்லம் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் கருவாட்டுத் தலை வைத்தேன், அரை மணியில் மொய்த்துவிட்டது. எறும்பென்றால் இனிப்புதானேங்க?

அம்மாபேட்டைத் தறி: எங்கள் வீட்டில் தட்டுவடை மிச்சம் வைத்தால் போதும், எண்ணெய்க்குச் செவ்வெறும்பு வந்து நிற்கும். எறும்பு மருந்து சாக்பீஸில் கோடு போடுங்கண்ணா, ஒரே நாளில் ஓடிவிடும்.

பொறிவண்டு: கோடு போட்டால் வெளியே வந்ததுதான் சாகும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு மாதிரி இருக்கிறது, 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலையில் ஆடு மாடுகளின் கண்ணைக் கெடுக்கிறதென்று செய்தியில் வந்ததே, அது. கொடுக்கு கிடையாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும், அதனால் நூறு இருநூறைக் கொன்று பயனில்லை.

இனிப்பு வேண்டாமென்று இல்லை. வேலைக்கார எறும்பால் திடமானதை விழுங்க முடியாது, அது ஓடுவதற்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும். மீன், செத்த பூச்சியெல்லாம் கூட்டிலிருக்கும் குஞ்சுப் புழுக்களுக்கு. புழு அதிகமானால் கருவாடு தேடும். அதோடு தோட்டத்திலேயே இனிப்பு நிறையக் கிடைத்தால் உங்கள் வெல்லத்துக்கு ஏன் வரவேண்டும்? காப்பி இலையின் அடியில் மாவுப்பூச்சி, பச்சைச் செதில்பூச்சி இருக்கிறதா பாருங்கள். அவை கழிக்கும் தேன்நீரைத்தான் இவை குடிக்கும், பதிலுக்கு அந்தப் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டை அண்ட விடாது. (என் பெயருக்கு இதுதான் காரணமென்று நினைக்க வேண்டாம்.)

ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கும் மேற்பட்ட சிவப்பு நண்டுகளைக் கொன்றது. முதலில் ஹெலிகாப்டரில் மீன்தூள் கலந்த மருந்து போட்டார்கள், 2016 கடைசியில் மலேசியாவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி தொடுவது எறும்பை அல்ல, அதற்கு இனிப்பு கொடுக்கும் செதில்பூச்சியை.

நாகலூர்க்காரன்: பார்த்தேன். வீட்டை ஒட்டிய நாலு வரிசையில் இலையெல்லாம் கரிபூசின மாதிரி இருக்கு, அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. மழைக்காலம் என்று விட்டுவிட்டேன். இப்போது மருந்தைக் கருவாட்டில் கலக்கட்டுமா?

பொறிவண்டு: நாய் இருக்கும் வீட்டில் கருவாட்டில் விஷமா, வேண்டவே வேண்டாம். முதலில் அந்த நாலு வரிசையைக் கவாத்து செய்து மாவுப்பூச்சியைக் குறையுங்கள். அப்புறம் தினமும் காலையிலும் சாயங்காலமும் வெல்லம், கருவாடு ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெல்லத்துக்குத் திரும்பிய அன்றைக்கு 100 மில்லி சர்க்கரைத் தண்ணீரில் 1 கிராம் போரிக் பவுடர், அதற்கு மேல் வேண்டாம், கூட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடக் கூடாது. தேன்பெட்டி இருந்தால், தேனீ குடித்துவிடாமல் அதை டப்பாவில் ஊற்றி மூடியில் எறும்பு மட்டும் நுழையும் ஓட்டை போடுங்கள்.

அம்மாபேட்டைத் தறி: அப்போ என் செவ்வெறும்புக்குத் தட்டுவடையில் கலக்கணுமா?