வெங்கீஸ் கையில் பிளாக்பர்ன்: நாம் எதற்கு ஆசைப்படலாம்?

புனே_ரயில்:

வணக்கம். இங்கே இங்கிலாந்துக் கால்பந்து அணியான பிளாக்பர்ன் ரோவர்ஸ் பார்க்கிற ஆட்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம் என்று தெரியும், இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

நான் இந்த அணியைப் பிடித்துக்கொண்டது கோல் அடிப்பவர் ஷியரர் ஆடிய காலத்தில். 1995 மே மாதம் கடைசி ஆட்டத்தில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 2-1 என்று தோற்றார்கள். அதே நேரத்தில் மேன்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமுடன் டிரா செய்துவிட்டதால் தோற்ற கையோடு பிரீமியர் லீக் (அங்கே முதல் நிலை) கோப்பையைத் தூக்கினார்கள். அப்போது எனக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு வேறு அணி எதுவும் மனதில் ஒட்டவில்லை. 2010 நவம்பரில் நம் நாட்டுக் கோழிக் கம்பெனியான புனே வெங்கீஸ் அந்த கிளப்பை வாங்கிவிட்டது என்று செய்தி வந்தபோது ஆபீஸில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான், சிரிக்காதீர்கள். 2011 அக்டோபரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, அணியைப் புனேக்குக் கூட்டிவந்து புனே எஃப்சியுடன் ஆட வைத்தார்கள். ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். 3-0. அடுத்த மே மாதமே பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிவிட்டோம், அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இப்போது கேள்வி. போன வாரம் நண்பர் ஒருவருடன் வாக்குவாதம். வருஷா வருஷம் தன் பணத்தைக் கொட்டுகிற முதலாளியைத் திட்டுவது நன்றிகெட்டத்தனம், விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், அந்தச் சின்ன ஊருக்கு இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பே அதிகம் என்கிறார். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் சட்டென்று பதிலும் வரவில்லை. முதலாளி பணம் போடுகிறார், அணி ஏறவில்லை. குறை யார் மேல்? நம்மைப் போன்றவன் நியாயமாக எதை எதிர்பார்க்கலாம்?

பேரேடு:

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

வெங்கீஸ் இந்த கிளப்பை வாங்கியது சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு. அதற்குப் பிறகு கடனாகவும் பங்காகவும் உள்ளே போட்டது 20 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. வாங்கிய விலையைப் போல எட்டு மடங்குக்கும் மேல், திரும்பி வரும் என்ற நம்பிக்கை ஏதும் இல்லாமல். சாம்பியன்ஷிப் என்பது ஓட்டைப் பானை. வருமானம் முழுவதையும் சம்பளத்துக்கே கொடுத்து, அதற்கு மேலும் முதலாளியிடம் கை நீட்டுகிற கிளப்புகள் அங்கே ஏராளம். மூன்று வருஷத்தில் 3.9 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம் என்று லீக் விதியே இடம் கொடுக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். முதலாளி கையை எடுத்தால் என்ன ஆகும்? பக்கத்திலேயே பரி இருக்கிறது, 2018 கடைசியில் ஒரு பவுண்டுக்குக் கைமாறிய கிளப். 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 134 வருஷ கிளப், ஒரே மாலையில் முடிந்தது.

இன்னொன்று, போட்டியே சமமாக இல்லை. மேலேயிருந்து இறங்கும் அணிக்கு பாராசூட் பணம் உண்டு. முதல் வருஷம் பிரீமியர் லீக் கிளப்புகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புப் பங்கில் 55 சதவீதம், அடுத்த வருஷம் 45. பர்ன்லியைப் பாருங்கள். இறங்குகிறார்கள், அந்தப் பணத்தோடு ஏறுகிறார்கள், மறுபடி இறங்குகிறார்கள், 2025-ல் 100 புள்ளியோடு மறுபடி ஏறினார்கள். நமக்கு அந்தப் பாராசூட் தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இந்த நிலையில் ஏழாவது இடம் பிடித்தாலே அது நல்ல சீசன் என்பது என் கருத்து.

மழைக்கோட்டு:

பேரேடு அண்ணன் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கணக்கு மட்டும் பார்த்தால் இந்தக் கதை புரியாது. நான் பிரெஸ்டன் பக்கம் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், ஈவுட் பார்க்குக்கு அடிக்கடி போகிறவன். 31,000 பேர் உட்காரும் மைதானம், பல சனிக்கிழமைகளில் பாதிதான் நிறைகிறது. காலி இருக்கைகள் நீலமாகத் தெரியும், மழையில் இன்னும் பளபளவென்று. பக்கத்தில் எப்போதும் உட்காரும் ஒரு பெரியவர் 1960-களிலிருந்து வருகிறவர். முதலாளிகளைப் பற்றிக் கேட்டால் திட்டமாட்டார், "அவர்கள் யார், எப்படி இருப்பார்கள்?" என்று என்னிடமே கேட்பார், நான் ஏதோ புனேயில் அவர்கள் பக்கத்து வீடு மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வருத்தம் பணம் போதவில்லை என்பதில் இல்லை, போட்ட பணத்துக்கு ஆளில்லை என்பதில்தான். வந்த ஒரு மாதத்திற்குள் அணி 13-ஆவது இடத்தில் இருக்கும்போது மேனேஜர் ஆலர்டைஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் எங்கேயும் தலைமை மேனேஜராக இருந்திராத ஸ்டீவ் கீனை அந்த இடத்தில் வைத்தார்கள். முடிவு என்ன ஆனது என்பது தெரியும். விகனிடம் தோற்று இறங்கிய அந்த 2012 மே ஆட்டத்தில் யாரோ மைதானத்துக்குள் ஒரு கோழியை விட்டார்கள், கிளப் கொடியைப் போர்த்திவிட்டு. உலகம் முழுக்கச் சிரித்தது.

அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். 2022 கோடையில் லெனிஹன், ராத்வெல், நியாம்பே என்று மூன்று ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்து ஒரு காசுகூட வராமல் போனார்கள். அடுத்த வருஷம் பிரெரட்டன் டியாஸ், அவர் 2021-22 சீசனில் 22 லீக் கோல் அடித்தவர், அதே மாதிரி இலவசமாக ஸ்பெயினின் வியாரியாலுக்கு. ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் முன்பே கையெழுத்து வாங்குங்கள் அல்லது விற்றுவிடுங்கள், இதற்கு கோடீஸ்வரன் தேவையில்லை. ஆட்டக்காரர்களை வாங்கக் கடைசி நாளான 2023 ஜனவரி 31-ல் லூயிஸ் ஓபிரையனைக் கொண்டுவர முயன்றார்கள், தாள்கள் நேரம் கடந்து போய்ச் சேர்ந்ததால் லீக் ஏற்கவில்லை. அந்த சீசனில் சண்டர்லேண்டும் நாமும் 69 புள்ளி, மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே ஆஃப் கோல் வித்தியாசத்தில் நமக்குக் கைநழுவியது. சரி, ஒரு தடவை நடக்கும். 2024 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து டங்கன் மக்வயர், மறுபடியும் தாள் வேலையில் பிழை, அதுவும் நின்றுபோனது. 20 கோடி பவுண்டு போட்ட இடத்தில் ஒரு படிவத்தை ஒழுங்காக நிரப்ப ஆள் இல்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

அப்புறம் மேனேஜர் யூஸ்டஸ். 2025 பிப்ரவரியில் நாம் ஐந்தாவது இடம். அவர் கிளம்பி, கீழே இறங்கும் ஆபத்தில் இருந்த டெர்பிக்குப் போனார். ஐந்தாவதிலிருந்து அங்கே போகிற மேனேஜர் உள்ளே எதைப் பார்த்துவிட்டுப் போனாரோ. கடைசியில் ஏழாவது. அதே கோடையில் பெண்கள் அணியும் உரிம நிபந்தனைகளுக்குச் செலவு செய்ய முடியாது என்று இரண்டாம் நிலையிலிருந்து விலகியது. அதற்கு ஆகும் தொகை ஒரு சுமாரான ஆட்டக்காரரின் சம்பள அளவுதான் இருக்கும் என்பது என் ஊகம், தவறாகவும் இருக்கலாம்.

நாலாம்_நடுவர்:

நான் ரோவர்ஸ் ஆள் இல்லை, வெளியாளாக ஒன்று சொல்லலாமா. 1995-ஐப் பற்றி இவ்வளவு உருகுகிறீர்களே, அந்தக் கோப்பையும் காசில் வந்ததுதானே? அப்போதைய முதலாளி ஜாக் வாக்கர் எஃகுத் தொழிலை விற்ற பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார். ஷியரருக்கு 33 லட்சம் பவுண்டு, சட்டனுக்கு 50 லட்சம், இரண்டுமே அந்தந்த நேரத்தில் பிரிட்டன் சாதனை விலை. அன்றைக்கு மற்ற ரசிகர்கள் உங்களைத்தான் காசுக்கார கிளப் என்று கரித்துக் கொட்டினார்கள். ஒரு பணக்காரர் கொடுத்தால் தெய்வம், இன்னொருவர் கொடுத்தால் வில்லனா?

பணம் குறைவாக இருந்தும் ஏறியவர்கள் இருக்கிறார்கள். பிரென்ட்ஃபோர்ட் மைதானம் ஈவுட் அளவில் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஆனால் 2021-ல் ஏறினார்கள். அங்கே உரிமையாளர் பென்ஹாம் சின்ன வயதிலிருந்தே அந்த கிளப் ரசிகர். புள்ளிவிவரத்தை வைத்து மலிவாக வாங்கி விலைக்கு விற்பதுதான் வழிமுறை, அதை வருஷக்கணக்கில் மாற்றவே இல்லை. லூட்டன் 2014 வரை லீக்குக்கே வெளியே இருந்த அணி, 2023-ல் பிரீமியர் லீக். (அப்புறம் அடுத்தடுத்து இரண்டு தடவை இறங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பேரேடு பிடித்துக்கொள்வார்.)

மழைக்கோட்டு:

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். வாக்கர் ஊரில் குடியிருக்கக்கூட இல்லை, ஜெர்சி தீவில்தான் இருந்தார். ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது பிளாக்பர்னில், ஆட்டத்துக்கு வந்துவிடுவார், டால்க்லிஷை மேனேஜராகக் கொண்டுவரும் அளவுக்கு விஷயம் தெரிந்தவர். இன்றைக்கு நாம் நம்பியிருக்கும் அகாடமிக்கு அஸ்திவாரம் போட்டதும் அந்தப் பணம்தான். வார்ட்டன் அங்கேயிருந்துதான் வந்தார், 2024-ல் கிரிஸ்டல் பேலஸ் 1.8 கோடி பவுண்டும் அதற்கு மேலும் கொடுத்து வாங்கியது. நானும் வெங்கீஸை வில்லன் என்று சொல்லவில்லை. வாடகைக்கு விட்ட வீட்டை வந்து பார்க்காமலே கூரைக்கு மட்டும் பணம் அனுப்புகிற ஆள் மாதிரி இருக்கிறார்கள்.

பேரேடு:

நடுவில் அந்தப் பணம் அனுப்புவதே சிக்கலானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமலாக்கத்துறை விசாரணை ஒன்று நடந்ததால் தில்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, வங்கி உத்தரவாதம் வைத்து அனுப்ப வேண்டிய நிலை வந்தது. வார்ட்டனை சீசன் நடுவில் விற்றதையும், 27 லீக் கோல் அடித்த ஸ்மாடிக்ஸை அடுத்த கோடையில் இப்ஸ்விச்சுக்கு விட்டதையும் அந்தப் பின்னணியில் பாருங்கள். விற்றது தப்பில்லை. விற்ற பணத்தில் எவ்வளவு திரும்ப அணிக்குப் போனது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

புனே_ரயில்:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நண்பருக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிரீமியர் லீக் வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை, அது இந்தக் காலத்தில் நம் கையில் இல்லை. மூன்று சீசனுக்கு ஒருமுறை மே மாதத்தில் பிளே ஆஃப் ஆடுகிற அணி வேண்டும். அகாடமிப் பையன்கள் 50 ஆட்டமாவது நமக்கு ஆடிவிட்டுப் போகட்டும், போகும்போது விலை வரட்டும். ஐந்தாவது இடத்தில் இருக்கும் மேனேஜர் ஓடிப்போகாத கிளப்பாக இருக்கட்டும். ஜனவரி 31-ஆம் தேதி மாலை படிவம் நேரத்துக்குப் போகட்டும். இதில் எதற்கும் கூடுதலாக ஒரு கோடி தேவையில்லை என்று நண்பரிடம் சொன்னேன். "அப்போ நீ பணத்தைப் பற்றிப் பேசவே இல்லையா?" என்றார். இல்லை என்றேன்.

மழைக்கோட்டு, அந்தப் பெரியவரிடம் அடுத்த தடவை சொல்லுங்கள், புனே எனக்குச் சென்னையிலிருந்து ஒரு பகல் ஒரு ராத்திரிப் பயணம், எனக்கும் அவர்களைத் தெரியாது.