பழைய கொக்கட்டீலோடு புதுக் குஞ்சை எப்படிச் சேர்ப்பது?

கொக்குவில்காரி:
எங்கட வீட்டில் ஐந்து வயது ஆண் கொக்கட்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) நிற்கிறது, அம்மாவின் தோளை விட்டு இறங்காது. போன கிழமை மகளுக்கு ஒரு குஞ்சு வாங்கினோம். அதன் சத்தம் கேட்டாலே பெரியவர் கூட்டுக் கம்பியைக் கொத்துகிறார். ஒரே கூட்டில் விட்டால் தானாகப் பழகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணை. விடலாமா?

விறாந்தைக்கிளி:
விடாதேங்கோ தங்கச்சி! முதலில் 30 முதல் 45 நாள் வேறு அறை. குஞ்சு சுகமாகத் தெரிந்தாலும் நோய் இருக்கலாம். சிட்டகோசிஸ் என்ற கிருமி நோய் எச்சத்தின் தூசியால் மற்றப் பறவைக்கும் மனிதருக்கும் தொற்றும், அதனால் பெரியவருக்குத் தீன் வைத்துவிட்டுத்தான் குஞ்சிடம் போக வேண்டும், பிறகு கை கழுவ வேண்டும். அப்புறம் கூடுகளைப் பக்கத்தில் வையுங்கோ, ஆனால் இடைவெளி வேணும், கம்பிக்குள்ளால் கால் விரலைக் கடித்துவிடும்.

சாவகச்சேரியான்:
கொண்டையைப் பாருங்கோ. தலையோடு படிந்து, சீறினால் கோபம். வெளியே விடும்போது இரண்டுக்கும் பழக்கமில்லாத அறை, மின்விசிறி நிற்பாட்டி, தீன் கிண்ணம் இரண்டு. குஞ்சு தானாகத் தின்னுதா?

கொக்குவில்காரி:
இல்லை அண்ணை, இன்னும் நாங்கள் ஊட்டும் கைத்தீன்தான்.

சாவகச்சேரியான்:
அப்போ அவசரமே வேண்டாம். கைத்தீன் 40 பாகை செல்சியஸ் அளவில் இருக்கட்டும், கூடச் சுட்டால் தொண்டைக்குக் கீழே இருக்கிற தீன்பை வெந்துபோகும். அம்மாவிடம் சொல்லுங்கோ, பெரியவருக்குத்தான் முதல் கொஞ்சல்.